ஐப்பசியில் ஒரு வேலை

"திட்டு எங்கம்மா?"

ஓவர்சீயர் கேட்டது அவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கையில் அளவு டேப்போடு தாங்கல் கரையில் நின்று, கீழே குனிந்து பார்த்துக் கேட்டார்.

தாங்கல் என்றால் எங்கள் பக்கம் சின்ன ஏரி. அதன் தரை அன்று மொழுமொழுவென்று கிடந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு கட்டி இல்லை. நாற்பது பேர் ஆறு நாள் மண் வெட்டிய இடம் என்று சொன்னால் நம்ப முடியாது. பந்தி போட மெழுகி வைத்த கல்யாண வீட்டுக் கூடம் மாதிரி இருந்தது. வெட்டியவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று முந்தானையாலும் துண்டாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது களைப்பு இல்லை. சார் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்ற எதிர்பார்ப்பு.

முன்னால் நின்றவர் கன்னியம்மா அக்கா. எங்கள் எதிர்வீடு. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன்.

"திட்டா? அதத்தான் சார் காலைல சமப்படுத்திட்டோம்," என்றார் கன்னியம்மா அக்கா. "நீங்க வர்றீங்கன்னாங்க. மேடும் பள்ளமுமா இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்?"

ஓவர்சீயர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன்.

அந்தப் பதிவேடு எழுதுவதுதான் எனக்கு வேலை. வாழ்க்கையில் கிடைத்த முதல் வேலை. அதில் சேர்ந்து அன்றைக்கு ஆறாவது நாள்.

பி.ஏ. வீட்டில் இருக்கிறாள்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி போன வாரம் கடிதம் போட்டிருந்தார். "கல்லூரி முடித்ததை எழுதினீர்கள், வேலைக்குப் போனதை எழுதினீர்கள். நடுவில் மூன்று வருடத்தைக் காணோமே?" என்று கேட்டிருந்தார். கெட்டிக்காரி. நான் தாண்டிக் குதித்த இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

அந்த மூன்று வருடமும் நான் சும்மா இருந்தேன் அம்மா. அதை எழுத என்ன இருக்கிறது?

எங்கள் தெரு மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, காற்று திரும்பினால் சோற்றில் உப்பு கரிக்கும் தூரத்தில் இருந்தது. தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அதனால் எனக்குப் பெயரே போய்விட்டது. "ஏ பி.ஏ., உங்கம்மா இருக்குதா?" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருடம் அதில் பெருமை இருந்தது. இரண்டாம் வருடம் கேலி கலந்தது. மூன்றாம் வருடம் இரக்கம் வந்துவிட்டது. கேலியை நான் தாங்கிக்கொண்டேன். இரக்கம்தான் சுட்டது.

படித்தது பொருளாதாரம். வேலையின்மை எத்தனை வகை என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். பருவகால வேலையின்மை, மறைமுக வேலையின்மை, கட்டமைப்பு வேலையின்மை. பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். விடையை எழுதியவளே பிறகு விடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது வேறு கதை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். அந்த அட்டையை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சூடம் காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டுவார். சாமி கொடுத்தாலும் சரி, சர்க்கார் கொடுத்தாலும் சரி என்ற ஏற்பாடு.

மெழுகுவர்த்திக் காலம்

கடல் ஊருக்குள் வந்துபோன அந்த டிசம்பருக்குப் பிறகு, எங்கள் கரை முழுக்கப் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு எங்கிருந்தோ வந்தார்கள். தையல் கற்றுக் கொடுத்தார்கள், ஊறுகாய் போடக் கற்றுக் கொடுத்தார்கள், மெழுகுவர்த்தி ஊற்றக் கற்றுக் கொடுத்தார்கள். நானும் போனேன். சான்றிதழ் வாங்கினேன். என் பட்டத்தைவிட அது பளபளப்பான காகிதம்.

ஒரே வருடத்தில் எங்கள் பக்கம் மெழுகுவர்த்தி செய்யத் தெரியாத பெண்ணே இல்லை என்று ஆகிவிட்டது. எல்லாரும் செய்தால் யார் வாங்குவது? ஒரு மழை நாளில் கரண்டு போனபோது, தெருவில் எல்லா வீட்டிலும் ரோஜாப்பூ வடிவ மெழுகுவர்த்தி எரிந்தது. அவரவர் செய்தது. கன்னியம்மா அக்கா மட்டும் வாசலில் நின்று, "தொழில் நல்லாத்தான் எரியுது," என்றார்.

அவர் அப்படித்தான். பாதி பேச்சு நாக்கில், பாதி கண்ணில். தை மாதம் தொடங்கிப் புரட்டாசி வரை உப்பளத்தில் உப்பு வாருகிறவர். மழை விழுந்ததும் உப்பளம் மூடிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் எங்கள் தெருவுக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் பெங்களூரிலிருந்து கட்டட மேஸ்திரி வேன் அனுப்புவார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளோடு ஏறிப் போவார்கள். அண்ணன் செங்கல் தூக்க, அக்கா சித்தாள் வேலை பார்க்க, கட்டி முடியாத கட்டடத்தின் கீழ்த்தளத்தில் படுக்கை.

பக்கத்து ஊரான கூனிமேட்டு பாய் வீடுகளில் ஆண்கள் விமானம் ஏறிச் சவுதிக்குப் போனார்கள். எங்கள் தெருவில் குடும்பமே வேன் ஏறியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அக்காவின் மூத்த பையன் இப்படி ஒவ்வொரு மழைக்கும் போய் வந்துதான் ஏழாவதோடு நின்றான். இப்போது பெங்களூரிலேயே கம்பி கட்டுகிறான். இளையவள் செல்வி அந்த வருடம் பத்தாவது. மார்ச்சில் அரசுத் தேர்வு. வேனில் ஏறினால் அரையாண்டு போகும். அரையாண்டு போனால் எல்லாம் போகும்.

"யார் வூட்லயாவது உட்டுட்டுப் போங்களேன்க்கா," என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"வயசுப் பொண்ண மூணு மாசம் யார் வூட்லடி உடறது? போனா எல்லாரும் போவணும், இருந்தா நான் இருக்கணும். இருக்கணும்னா இங்க எனக்கு வேலை வேணும். நீதான் படிச்சவளாச்சே, ஐப்பசில வேலை குடுக்குறவன் எவனாவது இருந்தா சொல்லு."

என் எட்டுப் பக்க விடையில் அதற்குப் பதில் இல்லை.

வெட்டிக் கொடுத்த வேலை

அந்த வருடம்தான் நூறு நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. வீட்டுக்கு ஓர் அட்டை. வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் வேலை தரவேண்டும். கேட்டுப் பெறுகிற வேலை என்பதையே தெரு நம்பவில்லை. எழுதிக் கொடுக்கும் மனுக்களை நான்தான் எழுதினேன். நாற்பது மனு. கை வலித்தது, ஆனால் மனசு வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்தது.

புரட்டாசிக் கடைசியில் ஒரு பெருமழை பெய்து உப்பளத்தை மூடிவிட்டு, பிறகு வானம் கம்மென்று இருந்தது. தாங்கலைத் தூர் வாரி ஆழப்படுத்த உத்தரவு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள். அம்மா அன்றைக்கு எந்தக் கிழமை என்றும் பார்க்காமல் சூடம் காட்டினார்.

ஓவர்சீயர் முதல் நாள் வந்து சுண்ணாம்பால் சதுரம் சதுரமாகக் கோடு போட்டார். வெட்டுகிற மண்ணின் அளவுக்குத்தான் கூலி என்று விளக்கினார். வண்டியில் ஏறும்போது என்னிடம், "ஒவ்வொரு சதுரத்துலயும் நடுவுல ஒரு திட்டு விடச் சொல்லும்மா. வெட்டாம, அப்படியே," என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால் நான் பி.ஏ. ஆயிற்றே. இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? தலையைப் பெரிதாக ஆட்டி, "சரிங்க சார்," என்றேன்.

ஏழுமலை அண்ணனும் கன்னியம்மா அக்காவும் ஒரே சதுரத்தில் இறங்கினார்கள். இந்த வருடம் பெங்களூர் போகவேண்டாம் என்று அக்கா வீட்டில் பெரிய சண்டை போட்டுத்தான் அண்ணனைத் தாங்கலுக்கு இழுத்து வந்திருந்தார். "பாக்கலாம், ஒரு வாரம் பாக்கலாம்," என்று அவரும் வந்திருந்தார்.

ஆறு நாள் வெட்டினார்கள். என் அம்மாவும் வெட்டினார். நான் நிழலில் நின்று பெயர் எழுதினேன். அந்த வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

உப்புக் கை

உப்பளத்தில் உப்பு விளையும் பாத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? மழைக்காலம் முடிந்ததும் சேற்றை வழித்தெடுத்து, தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். எங்கள் பெண்கள் பக்கம் பக்கமாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதிப்பார்கள். தரையில் ஒரு விரற்கடை மேடு இருந்தாலும் தண்ணீர் சமமாக நிற்காது. அந்த இடத்தில் உப்பு கறுக்கும், மண் கலக்கும். அன்றைக்குப் பேச்சு கேட்பது அந்தப் பாத்தியில் இறங்கியவர்தான்.

அதனால் எங்கள் தெருப் பெண்களுக்கு மேடு ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. வீட்டு வாசலில்கூட அப்படித்தான். கோலம் போடும் முன் காலால் தடவிப் பார்ப்பார்கள்.

ஆறு நாளும் அந்தத் திட்டுகள் அவர்களை என்ன பாடு படுத்தியிருக்கும்! நான் சொன்னேன் என்பதற்காக விட்டு வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் அதிகாரி அளக்க வருகிறார் என்றதும் பொறுக்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது துணி மடிப்பது மாதிரி, எல்லாத் திட்டையும் வெட்டிச் சாய்த்து, மண்ணைப் பரப்பி, தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்துவிட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டின் ஓரங்களையும் சரித்து வழித்துவிட்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? நானும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு மிதி மிதித்தேன்.

திட்டு எதற்கு?

ஓவர்சீயர் டேப்பை நீட்டி அளந்தார். எங்கிருந்து அளப்பது? தரை முன்பு எந்த உயரத்தில் இருந்தது என்று காட்ட அங்கே எதுவும் இல்லை. கரை ஓரத்தில் கொஞ்சம் தடயம் இருந்தது. அதுவும் சரித்துவிட்ட சரிவு. அதை வைத்துத்தான் கணக்குப் போட முடிந்தது. வெட்டிய ஆழத்தில் பாதிதான் பதிவேட்டில் ஏறியது.

"நீங்க வெட்டினது எனக்குத் தெரியுதும்மா," என்றார் அவர். "ஆனா கண்ணால தெரியறத எழுதறதுக்குக் கட்டம் இல்ல. ஆழத்த எழுதத்தான் கட்டம் இருக்குது. அதக் காட்டத்தான் திட்டு."

 எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"ஆறு நாளு முதுகு ஒடிஞ்சது பொய்யா?" என்று ஒருவர். "இதுக்கு பெங்களூரே தேவலாம்," என்று இன்னொருவர். ஏழுமலை அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போனார். அக்கா அந்த மொழுமொழு தரையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஓவர்சீயர் வண்டியைக் கிளப்பப் போனார். நான் பின்னால் ஓடினேன். மூன்று வருடம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த கௌரவத்தை அந்த இடத்தில் கீழே போட்டேன்.

"சார், திட்டு எப்படி விடறதுன்னு எனக்கு முழுசா சொல்லிக் குடுங்க. எனக்குத் தெரியாது."

வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு குச்சியால் மண்ணில் கீறிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். நாலு நிமிடம் ஆயிற்று.

அன்று மாலை அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டார், தண்ணீர் வைத்தார், பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேன்

மறுநாள் காலை மேஸ்திரியின் வேன் வந்து பெட்டிக்கடை ஓரமாக நின்றது. முந்தைய நாள் வரை தாங்கலில் வெட்டியவர்களில் பதினோரு பேர் ஏறினார்கள். பாத்திரம், பாய், மூட்டை எல்லாம் ஏறின. இரண்டு சின்னப் பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பையோடு ஏறின. பையில் புத்தகம் இல்லை, துணி இருந்தது.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு தலையாக உள்ளே போகும்போது, அந்தப் பெயரை நான் பதிவேட்டில் எப்படி எழுதினேன் என்பது கண்முன் வந்தது. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதில் பாதிப் பேர் ஏறியிருக்க மாட்டார்கள். இதை அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

எதிர்வீட்டில் சத்தம் கேட்டது.

"ஒரு வாரம்னு சொன்னேன். ஒரு வாரம் ஆச்சு," என்றார் ஏழுமலை அண்ணன். "பாதிக் கூலில மூணு பேர் இன்னாத்த சாப்பிடறது?"

"நீ போ. நான் வர்ல. இன்னும் ஒரு வாரம் பாக்குறேன்."

"அடுத்த சனிக்கிழமயும் இதேதான்னா?"

"அப்ப செல்வியக் கூட்டிக்கினு வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழம காதர் பாய் கடைக்கு ஃபோன் பண்ணுவேன். பதினோரு மணிக்கு. அங்க வந்து நில்லு. இழுத்துக்கினே போவாத கன்னி, மேஸ்திரி ஆளு கேக்குறாரு."

அண்ணன் ஒரு பையோடு தனியாக ஏறினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தனியாக ஏறியது அதுதான் முதல் தடவை. வேன் போனதும் செல்வி வெளியே வந்து வாசலைப் பெருக்கினாள். ஏற்கெனவே பெருக்கின வாசல்தான்.

குங்குமம்

திங்கட்கிழமை தாங்கலின் தென்பக்கத்தில் புதிய சதுரங்கள். இருபத்தொன்பது பேர். நான் பதிவேட்டைத் திறக்கவில்லை. முதலில் கீழே இறங்கி, குச்சியால் மண்ணில் கீறினேன்.

"வெட்டறதுக்கு முன்னாடி தரை எந்த ஒசரத்துல இருந்துச்சுன்னு இந்தத் திட்டுதான் காட்டும். இது மேலருந்து டேப்பத் தொங்கவுட்டு அளப்பாங்க. திட்டு போச்சுன்னா ஆழம் போச்சு, கூலி போச்சு."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் கன்னியம்மா அக்கா.

"எனக்கே தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு வாரமாடி ஆவும் ஒனக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "சரி, எறங்குங்க," என்றார். சனிக்கிழமைக்குப் பிறகு அம்மா என் காதுபடப் பேசிய முதல் வார்த்தை அது.

தெரிந்தது மட்டும் போதுமா? கை கேட்கவேண்டுமே. செவ்வாய்க்கிழமையே ஒருவர் பேச்சுவாக்கில் திட்டின் தலையை ஒரு சீவு சீவிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் கத்தியதும், கையில் சுட்டது மாதிரி மண்வெட்டியைக் கீழே போட்டார். "அடியே, நான் பண்ணலடி, கைதான் பண்ணுது," என்று அழாத குறை.

புதன்கிழமை காலையில் அக்கா ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் இன்னொன்றில் குங்குமமும் கொண்டு வந்தார். ஒவ்வொரு சதுரமாக இறங்கி, ஒவ்வொரு திட்டுக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, உச்சியில் வேப்பிலை செருகினார்.

"இன்னாக்கா இது?"

"மண்ணுன்னா கை தன்னால போவுது. சாமின்னா போவாது. பாரு."

போகவில்லை. அந்த வாரம் முழுக்க யாரும் திட்டில் கை வைக்கவில்லை. வெட்டும்போது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் வெற்றிலை பாக்குகூட வைத்துவிட்டார். அதை மதியத்தில் யாரோ போட்டுக்கொண்டதும் உண்மை.

வியாழக்கிழமை உப்பள முதலாளி ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, சர்க்கார் காசுல சாமி கும்புடறீங்களா? இப்படிப் பழகிட்டா தைல என் பாத்திக்கு எவ வருவா?" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது என்று தெரிகிறது. மூன்று மாதம் வெறுங்கையோடு இருந்தவர்கள் தை பிறந்ததும் என்ன கூலி சொன்னாலும் இறங்குவார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர் தொழில் நின்றது. நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். தையில் எல்லாரும் பாத்திக்கு வந்தார்கள். இறங்குவதற்கு முன் கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அது சின்ன மாற்றம் இல்லை.

சனிக்கிழமை ஓவர்சீயர் வந்தார். கரையில் நின்று கீழே பார்த்தார். வரிசையாக மஞ்சள் பூசிய திட்டுகள், வேப்பிலை, பொட்டு. இறங்கும்போது தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

"இதும்மேல எப்படிம்மா டேப்ப வெக்கிறது?"

"வெய்யுங்க சார்," என்றார் கன்னியம்மா அக்கா. "ஒங்களுக்குத் தெரியறதுக்காகத்தான் அது அங்க நிக்குது."

அவர் வைத்தார். திட்டின் உச்சியிலிருந்து டேப் இறங்கிக் கீழ்த்தரையைத் தொட்டது. ஒவ்வொரு சதுரமாகப் போனார். ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லாச் சதுரமும் முழு அளவு. இரண்டு சதுரம் அதற்கும் மேலே. முழுக் கூலி என்று அவர் சொன்னதும் பெண்கள் கத்தவில்லை, கை தட்டவில்லை. கன்னியம்மா அக்கா கரையில் உட்கார்ந்து, கால்விரல் இடுக்கில் இருந்த சேற்றை நிதானமாக வழித்து எறிந்துகொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பதினோரு மணி

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் கூட வரச் சொன்னார். கூனிமேட்டில் காதர் பாய் கடை கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தபடி இருந்தது. முன்னால் மளிகை, ஓரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஃபோன். வெளியே ஒரு பெஞ்சு. வளைகுடாவிலிருந்து வரும் அழைப்புக்காகப் பெண்கள் அந்தப் பெஞ்சில் காத்திருப்பார்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்.

"இன்னாம்மா, ஐப்பசில உங்க தெரு ஜனம் கடைக்கு வருது?" என்றார் பாய், பருப்பு மடித்துக்கொண்டே. "நேத்தே கூலி வாங்கின கையோட அஞ்சாறு பேர் வந்தாங்க. மாஷா அல்லா. வழக்கமா இந்த மாசத்துல நான் ஈதான் ஓட்டுவேன்."

பாடப் புத்தகத்தில் பெருக்கி விளைவு என்று ஒரு அத்தியாயம் உண்டு. ஒருவருக்குக் கிடைக்கும் கூலி எத்தனை பேர் கைக்குப் போய் எத்தனை பேர் அடுப்பை எரிய வைக்கிறது என்று சூத்திரம் போட்டு விளக்கியிருப்பார்கள். எனக்கு அந்தச் சூத்திரம் அன்றுதான் புரிந்தது, பாய் மடித்த பருப்புப் பொட்டலத்தில். ஆனால் அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சனிக்கிழமை ஜெயித்தாயிற்று, சரி. ஆனால் அண்ணன் வா என்று சொல்லிவிட்டால்? இருபது வருடத்தில் அவர் வா என்று சொல்லி அக்கா போகாமல் இருந்ததில்லை.

பதினோரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அக்கா கூண்டுக்குள் போனார். கதவு சரியாக மூடாது. அண்ணனின் குரல் வெளியே கேட்கும் அளவுக்குக் கத்தினார். பின்னால் கான்கிரீட் கலக்கும் சத்தம்.

"மேஸ்திரிக்கு ரெண்டு சித்தாளு உடனே வேணுமாம். ஒன்ன வரச் சொல்றாரு. செல்வி பாதி ஆளுக்கூலிக்கு நிக்கட்டுமாம். நாளைக்கு பஸ் ஏறிடு."

அக்கா ஒயரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினார். அந்த நேரத்தில் என் மனசு ஏறி இறங்கிய மாதிரி, என் பரீட்சை முடிவுக்குக்கூட ஏறி இறங்கியதில்லை.

"இல்லய்யா," என்றார். "வர முடியாது. எனக்கு இங்க வேலை இருக்குது."

அந்தப் பக்கம் கான்கிரீட் சத்தம் மட்டும்.

"இன்னாது?"

"வேலை இருக்குதுன்றேன். நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் போவணும். நேத்து முழு அளவு காட்டிட்டோம். அவளுக்குப் பரீட்ச முடியட்டும். நீ ஒடம்பப் பாத்துக்க. சாப்புடு."

மறுபடியும் சத்தம். பிறகு அண்ணன் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அக்கா ஃபோனை வைத்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். 

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு." கொஞ்சம் பொறுத்து, "எத்தினி மணிக்கு வேலைன்னு இன்னொரு தடவ கேட்டாரு," என்றார். "எட்டு மணின்னு சொன்னேன். சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்கக்கா," என்றேன்.

ஐப்பசி மாதத்தில், எங்கள் தெருவில் பிறந்த ஒரு பெண், எனக்கு வேலை இருக்குது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.